கடல் மணப் பெர்ஃப்யூம் தோலில் தடம் மாறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கடல் மணம் கொண்ட பெர்ஃப்யூம்களைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை ஒரே சாயல் கொண்டவை. பாட்டிலின் வாயில் முகர்ந்தபோது இருந்த கடல், தோலில் தெளித்த அரை மணி நேரத்தில் வேறொன்றாகிவிடுகிறது. அல்லது இருந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. அதற்காகப் பாட்டிலை ஒதுக்கி வைப்பதும், மேலும் நாலு முறை தெளித்துக்கொள்வதும் தீர்வாகா. பிழை திரவத்தில் இருக்கலாம், அதைத் தாங்கும் தோலில் இருக்கலாம், முகரும் மூக்கிலும் இருக்கலாம். மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு என்பதால், எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றக் கூடாது என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

கடல் மணம் எவற்றால் ஆனது என்று தெரிந்துகொண்டால் பாதி ஐயங்கள் தாமாகவே தீரும். உப்புக்கு மணமே கிடையாது. சோடியம் குளோரைடு சாதாரண வெப்பநிலையில் ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை. கரையில் நின்று நாம் முகர்வது, நுண்பாசிகளில் உள்ள ஒரு சேர்மத்தை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வெளிவரும் டைமெத்தில் சல்பைடு, பழுப்புக் கடற்பாசிகள் வெளியிடும் சேர்மங்கள், கரையில் ஒதுங்கி மட்கும் உயிர்ப்பொருள்கள் ஆகியவை கலந்த ஒரு வாடையை. அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் உடலில் பூசிக்கொள்ள எவரும் முன்வர மாட்டார்கள். எனவே பெர்ஃப்யூம் வடிவமைப்பவர்கள் கடலின் காற்றையும் ஈரத்தையும் குளிர்ச்சியையும் வேறு பொருள்களைக் கொண்டு உணர்த்துகிறார்கள்: மேலே எலுமிச்சை, பெர்கமோட் போன்ற சிட்ரஸ் எண்ணெய்கள், நடுவில் கலோன் எனப்படும் செயற்கைச் சேர்மமும் அதன் உறவினங்களும், அடியில் ஆம்ப்ராக்ஸன் என்ற மணப்பொருள், வெண் கஸ்தூரி எனப்படும் செயற்கைக் கஸ்தூரி வகைகள், மரம், பாசி.

இந்த அடுக்குகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன என்பதை மூலக்கூறு எடைகள் ஓரளவு காட்டிவிடும். சிட்ரஸ் எண்ணெய்களின் முதன்மைப் பொருளான லிமோனீனின் மூலக்கூறு எடை 136; கலோனுக்கு 178; ஆம்ப்ராக்ஸனுக்கு 236; கேலக்ஸோலைடு என்ற வெண் கஸ்தூரிக்கு 258. எடை ஒன்று மட்டுமே ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை என்றாலும், பொதுவாக இலகுவானது முன்னே பறக்கிறது, கனமானது தோலிலேயே தங்குகிறது. தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருப்பதால், சிட்ரஸ் அடுக்கு கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். நடு அடுக்கு சில மணி நேரம் நிற்கும். அடி அடுக்கு அன்றைய பொழுது முழுவதும்கூட இருக்கும்.

எந்த அறிகுறிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

மணமற்ற சோப்பால் முன்கையைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தொலைவிலிருந்து ஒரே ஒரு முறை தெளிக்கவும். அதே நேரத்தில் மணம் பார்க்கும் காகிதப் பட்டை ஒன்றிலும் ஒரு முறை தெளிக்கவும். பட்டை இல்லாவிட்டால் மணமற்ற, கெட்டியான வெள்ளைக் காகிதம் போதும். தோலில் ஈரத்தின் பளபளப்பு மறையும் வரை, அதாவது சில்லென்ற அந்த உணர்வு அடங்கும் வரை, மூக்கை அருகே கொண்டுபோக வேண்டாம். அந்தக் குளிர்ச்சி எத்தனால் ஆவியாவதால் வருவது. அப்போது முகர்ந்தால் மூக்கில் ஏறுவது ஆல்கஹாலின் காரம்தான். அதன் பிறகு ஐந்து நிமிடம், அரை மணி, இரண்டு மணி, ஐந்து மணி என்ற இடைவெளிகளில் முதலில் காகிதத்தையும் பின்னர் தோலையும் முகர்ந்து, தோன்றுவதைச் சில சொற்களில் குறித்துக்கொள்ளவும். இரண்டு முறையாவது இன்னொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லவும்.

காகிதத்திலும் தோலிலும் ஒரே குறை தெரிந்தால் பிழை திரவத்தில் இருக்கிறது, அல்லது அந்தப் பெர்ஃப்யூமின் இயல்பே அதுதான். காகிதத்தில் சரியாக இருந்து தோலில் மட்டும் மாறினால் காரணம் தோல். உங்களுக்கு மணக்காதது மற்றவருக்கு மணந்தால் காரணம் மூக்கு. இந்த ஒரு சோதனையைப் பொறுமையாகச் செய்பவர்களுக்குக் கீழே உள்ளவற்றில் பலவற்றைப் படிக்கும் தேவையே இருக்காது என்று நம்புகிறேன்.

அறிகுறி: சிறிது நேரத்தில் மணமே இல்லாமல் போகிறது

இதுதான் மிகுதியாகச் சொல்லப்படும் குறை. மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. முதலில் மூக்கைச் சந்தேகிக்கவும். ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே மணம் அறியும் செல்களும் மூளையும் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றன. கழுத்திலும் மார்பிலும் தெளித்துக்கொள்பவர்கள் ஒவ்வொரு மூச்சிலும் அதே மணத்தை இழுப்பதால் இந்தப் பழக்கம் அவர்களுக்கு வெகு விரைவில் வந்துவிடுகிறது. திறந்த வெளியில் கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து மீண்டும் முகரவும். மணம் திரும்பி வந்தால் பெர்ஃப்யூமில் பிழை இல்லை. காப்பிக் கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதுப்பிக்கப்படும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் வெறும் காற்றை முகர்வதைவிட அது கூடுதலாக எதுவும் செய்வதில்லை. மூக்கே காரணம் என்று உறுதியானால், மூக்குக்கு எட்டாத இடங்களில், முழங்கை மடிப்பிலோ முழங்காலின் பின்புறத்திலோ தெளித்துக்கொள்வது பயன் தரும்.

மற்றவர்களும் மணமில்லை என்று சொன்னால் தோலைப் பார்க்க வேண்டும். மணப் பொருள்கள் எண்ணெயில் எளிதில் கரையக்கூடியவை. தோலின் மேல் இயற்கையான எண்ணெய்ப் படலம் இருந்தால் அவை அதில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். வறண்ட தோலில் பிடித்துவைக்க எதுவும் இல்லாததால் விரைந்து பறந்துவிடும். கடல் மணப் பெர்ஃப்யூம்கள் இலகுவான பொருள்களை அதிகம் நம்பியிருப்பவை என்பதால் வறண்ட தோலின் தாக்கம் இவற்றில் கூடுதலாகத் தெரிகிறது. சந்தனமும் பிசின்களும் நிறைந்த ஒரு திரவியம் இதே தோலில் நாள் முழுவதும் நிற்கக்கூடும். குளித்து முடித்ததும் மணமற்ற ஈரப்பதக் களிம்பையோ, மிகச் சிறிதளவு பெட்ரோலியம் ஜெல்லியையோ தடவி, அது தோலில் படிந்த பிறகு அதன் மேல் தெளிப்பது நல்ல பலன் தரும். களிம்பில் மணம் இருந்தால் அது பெர்ஃப்யூமோடு கலந்து சோதனையையே குழப்பிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதாகப் பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் வகையைப் பாருங்கள். ஓ டி கொலோன் என்றால் மணப் பொருள்களின் அளவு சுமார் 2 முதல் 4 சதவீதம். ஓ டி டாய்லெட் என்றால் பொதுவாக 5 முதல் 15. ஓ டி பர்ஃபம் என்றால் 15 முதல் 20. நிறுவனத்துக்கு நிறுவனம் இவை மாறும். சட்டப்படி வகுக்கப்பட்ட எல்லைகளும் அல்ல. கடல் மணங்களில் பெரும்பகுதி ஓ டி டாய்லெட் வகையாகவே விற்கப்படுகிறது. அதனிடம் காலை முதல் இரவு வரை நிற்கும் மணத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. சிறிய தெளிப்புக் குப்பியில் கொஞ்சம் எடுத்துச் சென்று நடுப்பகலில் ஒரு முறை தெளித்துக்கொள்வதே நேர்மையான தீர்வு. அதே பெயரில் செறிவு கூடிய வகை கிடைத்தாலும், அது பெரும்பாலும் அதே மணத்தின் அடர்ந்த வடிவமாக இருக்காது. மர மணமும் ஆம்பர் எனப்படும் கதகதப்பான மணமும் மிகுந்து கடல் குறைந்த வேறொரு கலவையாக இருப்பது வழக்கம் என்பதால், முகராமல் வாங்க வேண்டாம்.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்ப்பதால் மூலக்கூறுகள் உடைந்துபோகும் என்று பலர் சொல்வது சரியில்லை. அந்த அளவு உரசலால் எந்த மூலக்கூறும் உடையாது. ஆனால் தேய்க்கும்போது எழும் சூடு முதல் அடுக்கை விரைவாக ஆவியாக்கும், திரவத்தின் ஒரு பகுதி பரவி மெலியும். சிட்ரஸின் அந்தக் குறுகிய வாழ்வை மேலும் குறுக்க வேண்டாம் என்பதற்காகவே தேய்க்காமல் உலரவிடுவது நல்லது.

அறிகுறி: கடலுக்குப் பதிலாகத் தர்பூசணியும் வெள்ளரிக்காயும் மணக்கின்றன

இது கோளாறே இல்லை. கலோன் தன் உண்மை உருவத்தைக் காட்டுகிறது. 1966-இல் ஃபைசர் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் கண்டறிந்த இந்தச் சேர்மத்துக்குத் தர்பூசணிக் கீட்டோன் என்ற பெயரும் உண்டு. கடற்காற்றுபோலத் தோன்றும் இது, தர்பூசணியின் ஓரத்து வெண்சதைபோலவும் மணக்கும். பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் இருந்த கலோனை 1988-இல் வந்த அராமிஸ் நியூ வெஸ்ட் துணிந்து பயன்படுத்தியது. 1992-இன் லோ டிஸ்ஸே, 1996-இன் ஆண்களுக்கான அக்வா டி ஜியோ ஆகியவை வந்தபின் ஒரு தலைமுறைக்கே கடல் என்றால் இந்த மணம்தான் என்றாகிவிட்டது.

தோலில் இது ஏன் தூக்கலாகிறது என்றால், கலோனைச் சூழ்ந்து அதற்குக் கடலின் தோற்றத்தைக் கொடுத்த சிட்ரஸ் முதலில் விலகிவிடுகிறது, கலோனோ பிடிவாதமாக நிற்கக்கூடியது. எனவே இருபதாவது நிமிடத்திலிருந்து இரண்டாவது மணி நேரம் வரை பழ மணம் மேலோங்குவது எதிர்பார்க்க வேண்டியதே. அடி அடுக்கு எழும்பியதும் அது தணியும். அது வரை காத்திருக்க முடியாதவர்கள் தெளிக்கும் அளவைப் பாதியாகக் குறைத்துப் பார்க்கலாம். கலோன் மிகச் சிறு அளவிலேயே உரக்கப் பேசும் பொருள் என்பதால், அளவைக் குறைக்கும்போது மற்றவற்றின் குரல் கேட்க வாய்ப்பு கிடைக்கிறது. அப்படியும் பிடிக்காவிட்டால் கலோனைச் சாராத கடல் மணங்களைத் தேட வேண்டும். பாசி, உப்பு, மிதந்து வந்த மரத்துண்டு, ஆம்பர்கிரிஸ் (திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் மணப்பொருள்) என்று விவரிக்கப்படுபவை அந்தப் பக்கம் சேர்ந்தவை. என் விருப்பமும் அவற்றின் பக்கமே. கலோன் காட்டுவது வெயிலில் மின்னும் நீர்ப்பரப்பை மட்டும்தான், அவையோ கரையையும் சேர்த்துக் காட்டுகின்றன.

அறிகுறி: மீன், பாசி அல்லது இரும்பு வாடை வருகிறது

இங்கே மூன்று வாடைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாசி வாடை என்றால், கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் சாறு கலவையில் இருக்கலாம். அது இயல்பாகவே அயோடினையும் ஈரமான பாறையையும் நினைவூட்டும். காகிதத்திலும் அதே வாடை வந்தால் அது திட்டமிட்டுச் சேர்க்கப்பட்டது. விரும்பாதவர்களுக்கு அந்தப் பெர்ஃப்யூம் ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

மீன் வாடை பெரும்பாலும் தோலில்தான் வருகிறது, அதுவும் வியர்வையோடு சேர்ந்து. புதிய வியர்வைக்கு மணம் மிகக் குறைவு. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து உண்டாக்கும் அமிலங்களும் கந்தகச் சேர்மங்களுமே நாற்றத்துக்குக் காரணம். இனிப்பான பெர்ஃப்யூமோடு அந்த நாற்றம் சேரும்போது இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கடல் மணத்தோடு சேரும்போதோ உப்பு, பாசி, ஈரம் என்று மூளை ஏற்கெனவே ஒரு காட்சியை வரைந்து வைத்திருப்பதால், வியர்வையின் நாற்றமும் அந்தக் காட்சிக்குள் மீனாகப் புகுந்துகொள்கிறது. தீர்வு எளிது. அக்குளிலோ அதன் அருகிலோ தெளிக்கக் கூடாது. பழைய வியர்வையின் மேல் தெளிக்கவே கூடாது. கழுவி உலர்ந்த தோலில், வியர்வை குறைவாகச் சுரக்கும் முன்கையிலோ மார்பின் மேற்பகுதியிலோ தெளிக்க வேண்டும்.

இரும்பு வாடைக்கு ஒரு வியப்பான காரணம் உண்டு. இரும்புக்குத் தனியாக மணம் கிடையாது. இரும்பைத் தொட்ட கையில் நாம் முகர்வது, தோலின் எண்ணெய்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டான பொருள்கள் இரும்போடு வினைபுரிந்து சிதைவதால் பிறக்கும் சேர்மங்களை. காளான் மணமும் உலோக மணமும் கொண்ட ஆக்டினோன் அவற்றில் ஒன்று. கம்பியையோ சாவிக்கொத்தையோ பிடித்த கையின் மணிக்கட்டில் கடல் மணத்தைத் தெளித்தால், அதில் ஏற்கெனவே இருக்கும் கூரிய, குளிர்ந்த சாயலோடு இது இணைந்து இரத்தம்போல மணக்கும். கையைச் சோப்பால் கழுவிய பிறகும் வாடை இருந்தால், அது கலவையில் உள்ள ஹீலியோனல், டைஹைட்ரோமைர்சினால் போன்ற செயற்கை மணப்பொருள்களின் உலோகச் சாயலாக இருக்கும். நேரம் போகப் போக மங்கும்.

அறிகுறி: சலவைத்தூள் போலவும் குளியல் சோப்பு போலவும் மணக்கிறது

டைஹைட்ரோமைர்சினாலும் கேலக்ஸோலைடும் சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் ஆகியவற்றில் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கப்படுபவை. 1988-இல் வந்த கூல் வாட்டர் என்ற பெர்ஃப்யூமைத் தொடர்ந்து எழுந்த புத்துணர்ச்சி மணங்கள் முதல் பொருளைத் தாராளமாக எடுத்துக்கொண்டன. ஆகவே மூக்கு தவறு செய்யவில்லை. சலவைத்தூளிலும் பெர்ஃப்யூமிலும் இருப்பவை அதே பொருள்கள்தான். துவைத்த துணியில் எஞ்சிய மணமும் சேர்ந்து மிகைப்படுத்தியிருக்கிறதா என்று மட்டும், சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் தோலை முகர்ந்து உறுதிசெய்துகொள்ளவும்.

அறிகுறி: சில மணி நேரம் கழித்துக் கடல் மறைந்து, கூரிய மர மணம் மட்டும் குத்துகிறது

அடி அடுக்குக்கு வந்துவிட்டோம். முன்பு இந்த இடத்தில் ஆம்பர்கிரிஸ் இருந்தது: ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் உருவாகி, கடலில் நெடுங்காலம் மிதந்து, வெயிலிலும் உப்பிலும் பக்குவப்பட்டுக் கரையொதுங்கும் பொருள். இன்று அதன் இடத்தை ஆம்ப்ராக்ஸன் எடுத்துக்கொண்டுவிட்டது. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளாரியோலைக் கொண்டு அது தயாரிக்கப்படுகிறது. நல்ல அளவில் சேரும்போது வெயில் பட்ட தோலில் உப்பு காய்ந்ததுபோன்ற இதம் தருவது இதுவே. இதைவிட ஆற்றல் மிகுந்த செயற்கை மர-ஆம்பர்ப் பொருள்களை நீடித்து நிற்கும் ஆசையில் அளவு மீறிச் சேர்த்தால் அந்த இதம் குத்தலாகிவிடும்.

இந்தப் பொருள்களில் மனிதருக்கு மனிதர் வேறுபாடு மிக அதிகம். பெரிய மூலக்கூறுகளான கஸ்தூரி வகைகளில் ஏதேனும் ஒன்றைச் சிலரால் முகரவே முடியாது. மணம் அறியும் ஏற்பிகளுக்கான மரபணுக்களின் மாறுபாடே இதன் காரணம். அதனால்தான் ஒரே கலவையில் பல கஸ்தூரிகளைச் சேர்ப்பது தொழில் வழக்கம். கஸ்தூரியின் மென்மையை உணர முடியாதவருக்கு அதனால் மூடப்பட்டிருந்த மரத்தின் கூர்மை மட்டும் தெரியும். அருகில் இருப்பவருக்கோ முழுக் கலவையும் இனிமையாக மணக்கும். இதைத் தோலால் திருத்த முடியாது. தோலைவிட்டுத் துணியில் தெளித்துப் பார்க்கலாம்: துணி தோலைவிடக் குளிர்ச்சியானது என்பதால் மேல் அடுக்கும் நடு அடுக்கும் அங்கே நீண்ட நேரம் நிற்கும், அடி அடுக்கின் கூர்மை தாமதமாகவே வெளிப்படும். நிறமேற்றிய திரவம் வெளிர் துணியில் கறை விடக்கூடும்; உள்மடிப்பில் முதலில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தவும்.

அறிகுறி: முதல் நொடியிலேயே புளித்த, பழைய எண்ணெய் போன்ற வாடை

காகிதத்திலும் இதே வாடை வந்தால் திரவம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது. ஒளி, வெப்பம், காற்று ஆகிய மூன்றுக்கும் முதலில் பலியாவது சிட்ரஸ் எண்ணெய்களே; கடல் மணங்கள் அவற்றின் மேல் கட்டப்பட்டவை என்பதால் கேடு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். குழாயில் தங்கிய பழைய துளியும் இப்படி மணக்கலாம். எனவே மூன்று நான்கு முறை வெளியே தெளித்துவிட்டுப் பிறகு முடிவுக்கு வரவும். திரவத்தின் நீல நிறம் வெளுத்திருந்தால் அது சாயம் ஒளியில் சிதைந்ததன் அடையாளம்; மணம் கெட்டதற்கான சான்றாகாது, ஆனால் பாட்டில் வெயில் படும் இடத்தில் இருந்திருக்கிறது என்ற எச்சரிக்கை. குளியலறையில் வைப்பதும் தீங்கானது, ஏனெனில் அங்கே வெப்பநிலை நாள்தோறும் ஏறி இறங்குகிறது. பெட்டிக்குள், இருட்டான அலமாரியில், மூடியை இறுக்கி வைத்தால் பெரும்பாலானவை சில ஆண்டுகள் நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: தெளித்த இடத்தில் சிவப்பு, அரிப்பு, எரிச்சல்

உடனே நிறுத்தவும். மணமற்ற மென்மையான சோப்பும் நீரும் கொண்டு கழுவவும். அதே இடத்தில் வேறு பெர்ஃப்யூமைத் தெளித்துச் சோதிக்க வேண்டாம். தெளித்த கணத்தில் எரிந்து சிறிது நேரத்தில் அடங்கினால், சவரம் செய்த அல்லது வெடித்த தோலில் ஆல்கஹால் பட்டதன் விளைவாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தடித்து அரித்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். லிமோனீனும், லாவெண்டர் போன்ற எண்ணெய்களில் உள்ள லினலூலும் புதிதாக இருக்கும்போது பெரிதாகத் தொல்லை தருவதில்லை. காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகளே தோலைத் தூண்டுகின்றன. முந்தைய பகுதியில் சொன்ன பழைய பாட்டிலைத் தோலில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு மணத்தைவிட இதுவே வலுவான காரணம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நெடுங்காலம் 26 மணப் பொருள்களின் பெயர்களை லேபிளில் குறிப்பிட வேண்டியிருந்தது. 2023-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக விரிவாக்கியிருக்கிறது. எனவே அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அரிப்பு திரும்ப வந்தாலோ, தெளிக்காத இடங்களுக்கும் பரவினாலோ, பெட்டியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லவும். ஐயத்துக்குரிய பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையின் மூலம் எந்தப் பொருள் ஒவ்வவில்லை என்று அவரால் கண்டறிய முடியும், அடுத்த பெர்ஃப்யூமை வாங்கும்போது அந்தப் பெயரை லேபிளில் தேடிப் பார்த்து ஒதுக்கிவிடலாம். முகத்திலோ உதட்டிலோ வீக்கம் கண்டாலும், மூச்சு முட்டினாலும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.